கன்னத்துக் கட்டிக்குக் கத்தியா, காட்டரியா?

உங்கள் அம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறம் பட்டாணி அளவில் கட்டி. ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் வேறு சாப்பிடுகிறார். பல் மருத்துவர் காட்டரியில் (மின்சாரச் சூட்டால் சதையை வெட்டும் கருவி) எடுக்கலாம் என்கிறார், கத்திதான் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்த விஷயத்தில் காட்டரிக்கே மதிப்பெண். வெட்டும்போதே சிறு ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். பல நேரம் தையலே தேவைப்படாது. ஆனால் எடுத்த சதை பயாப்ஸிக்கு, அதாவது ஆய்வகச் சோதனைக்கு, போகிறதா என்று முதலில் கேளுங்கள். போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. சூட்டில் ஓரம் கருகிவிட்டால், நுண்ணோக்கியில் அங்கே செல்களின் வடிவமே தெரியாது. கட்டி முழுதாக வந்துவிட்டதா என்று சொல்ல நோயியல் மருத்துவர் திணறுவார். இவ்வளவு சிறிய கட்டியில் ஓரம் போக மிஞ்சுவது எவ்வளவு? ஆகவே கத்தியால் எடுத்துவிட்டு, கசியும் இடத்தை மட்டும் காட்டரியால் தொட்டு நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் தயங்க மாட்டார்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இத்தகைய சிறு அறுவைக்குப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காட்டரியின் மின்சாரம் அதைக் குழப்பக்கூடும்.

காட்டரி பட்ட இடத்தில் சில நாள் வெண்மஞ்சள் படலம் தெரியும். பெரும்பாலும் அது சீழ் அல்ல, சுரண்ட வேண்டாம். வலியோ வீக்கமோ கூடினால் மட்டும் உடனே காட்டுங்கள்.