காகிதம் ஏன் ஒட்டி, பிறகு தெறிக்கிறது?

கேள்வி: தலை வாரிய சீப்பு, மின்னூட்டமே இல்லாத காகிதத் துணுக்கை எப்படி இழுக்கிறது? ஒட்டிய சில துணுக்குகள் தெறித்து ஓடுவது ஏன்?

பதில்: காகிதத்தில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சம அளவில் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. முடியிலிருந்து எலக்ட்ரான்களை (எதிர் மின்னூட்டத் துகள்களை) வாங்கிய பிளாஸ்டிக் சீப்பு அருகே வந்ததும், காகிதத்தின் எதிர் மின்னூட்டம் சற்றே அப்பால் விலகும். சீப்பை நோக்கிய பக்கம் நேர் மின்னூட்டம் மேலோங்கும். மின்னூட்டங்களுக்கு இடையே தூரம் இரட்டித்தால் விசை கால்பங்காகும் (பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் 1785-இல் காட்டியது). அதனால் அருகிலுள்ளதன் ஈர்ப்பே வெல்கிறது. தொட்டபின் சீப்பின் எதிர் மின்னூட்டம் கொஞ்சம் காகிதத்துக்கும் ஏறிவிடும். ஒத்தவை விலக்கும், துணுக்கு தெறிக்கும்.

எண்ணெய்த் தலையில் முயலாதீர்கள். மழைநாளிலும் ஏமாற்றம்தான்: சீப்பின் மேல் படியும் ஈரப்படலம் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும். உலோகச் சீப்பும் உதவாது, கை வழியே எல்லாம் போய்விடும். துணுக்குகள் 3, 4 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.