பழைய ஃபுட்டி பருவம் ஒன்றின் கணக்கைத் திரட்டுவது எப்படி?

வாசகர் கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வாங்கரட்டாவில் வசிக்கிறோம். மகன் இங்குள்ள ஃபுட்டி கிளப்பின் சிறுவர் அணியில் ஆடுகிறான். பழைய ஆட்டக்காரர்களின் ஒன்றுகூடலுக்காக, 1950-களின் தொடக்கத்தில் ஓவன்ஸ் அண்ட் மர்ரி லீக்கில் நடந்த ஒரு பருவத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரும்படி கிளப்பில் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பவை சில பத்திரிகை நறுக்குகள் மட்டுமே. அவற்றிலுள்ள எண்கள் புரியவில்லை. புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்த அணி ஏன் சாம்பியன் ஆகவில்லை என்பதும் விளங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சாம்பியன் யார் என்பதைத் தற்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமை ஆட்டத்தின் முடிவிலிருந்து தொடங்குங்கள். உள்ளூர் லீக் வரலாறுகளில் நான் காணும் பிழைகளில் பெரும்பாலானவை, பட்டத்தை முதலில் எழுதிவிட்டுப் பருவத்தை அதற்கேற்ப இட்டு நிரப்புவதால் வருபவை. ஆட்ட முடிவுகளை வரிசையாக அடுக்கினால் மற்றவை தாமாகவே வெளிப்படும். நறுக்குகளில் உள்ள அச்சுப் பிழைகள்கூடப் பிடிபடும்.

முதலில் எண்கள். ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளிகள். அவற்றுக்கு இருபுறமும் நிற்கும் குட்டைக் கம்பங்களை ஒட்டிய இடைவெளியில் போனால் பிஹைண்ட், அதற்கு 1 புள்ளி. உங்கள் நறுக்கில் 12.14.86 என்றிருந்தால் 12 கோல், 14 பிஹைண்ட், மொத்தம் 86 என்று பொருள். நடுவிலுள்ள புள்ளியைத் தசமம் என்று எண்ணிவிடாதீர்கள். எந்த நறுக்கை எடுத்தாலும் கோல்களை ஆறால் பெருக்கிப் பிஹைண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். கணக்கு இடித்தால் மூன்று எண்களில் ஒன்று தவறாக அச்சாகியிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு வரியைக்கூடப் படியெடுக்காதீர்கள்.

அதிகக் கோல் அடித்த அணியே வென்றது என்றும் கொள்ள முடியாது. 1948-இல் மெல்போர்னில் நடந்த, மாநிலத்தின் தலையாய லீக்கான விக்டோரிய லீக்கின் இறுதிப் போட்டியே இதற்கு எடுத்துக்காட்டு. எசெண்டன் 7 கோல், 27 பிஹைண்ட். மெல்போர்ன் 10 கோல், 9 பிஹைண்ட். இரண்டுமே 69 புள்ளிகள், ஆட்டம் சமன். அடுத்த வாரம் மறுபடி ஆடி மெல்போர்ன் வென்றது. எசெண்டனின் 27 என்ற அந்த ஒற்றை எண்ணுக்குள் எத்தனை தவறிய உதைகள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் குறிப்பிலும் கோல், பிஹைண்ட் இரண்டையும் பிரித்தே எழுதுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதினால் ஆட்டத்தின் கதை போய்விடும்.

கால்பகுதி வாரியான எண்களிலும் எச்சரிக்கை தேவை. முதல் கால்பகுதியில் 3.2, அடுத்து 5.6, அதற்கடுத்து 9.9, கடைசியில் 12.14 என்றிருந்தால் அவை அந்தந்த நேரம் வரை சேர்ந்த மொத்தம். இரண்டாம் கால்பகுதியில் மட்டும் அடித்தது 2 கோல், 4 பிஹைண்டுதான். காற்று ஒரு பக்கமாக வீசும் திறந்தவெளி மைதானங்களில், காற்றுக்கு எதிராக ஆடிய கால்பகுதியில் எவ்வளவு அடித்தார்கள் என்பதே பல வேளைகளில் ஆட்டத்தைத் தீர்மானித்திருக்கும். கழித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

புள்ளிப்பட்டியலில் வெற்றிக்கு 4, சமனுக்கு 2 புள்ளிகள். இரு அணிகள் சமமாக நின்றால் சதவீதம் முன்னுக்கு வரும். விக்டோரியாவில் ஓர் அணி அடித்த புள்ளிகளை வாங்கிய புள்ளிகளால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். 1,248 அடித்து 960 வாங்கிய அணிக்கு 130. தெற்கு ஆஸ்திரேலியாவில் முறை வேறு. அங்கே அடித்ததை, அடித்தது வாங்கியது இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். அதே அணிக்கு 56.52 வரும். வேறு மாநிலப் பட்டியலோடு ஒப்பிட நேர்ந்தால் இதை மறக்க வேண்டாம். முழுப் பட்டியலும் கிடைத்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். எல்லா அணிகளும் அடித்த புள்ளிகளின் கூட்டுத்தொகையும், வாங்கிய புள்ளிகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வெற்றிகளும் தோல்விகளும் அப்படித்தான். ஒன்றாக இல்லையென்றால் ஏதோ ஓர் ஆட்டம் ஓர் அணியின் கணக்கில் மட்டும் விடுபட்டிருக்கிறது, அல்லது யாரோ ஆட்டத்துக்கு வராமல் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

முதலிடம் பிடித்த அணிக்குப் பட்டம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருகிறேன். பருவம் இரண்டு பாகங்களாக ஓடுகிறது. சொந்த மைதானத்திலும் வெளியூரிலும் மாறி மாறி ஆடும் முதல் பாகத்தின் முடிவில் தலைமை பிடிப்பவர் மைனர் பிரீமியர். அதோடு அவர்களுக்குக் கிடைப்பது ஒரு தோல்வியைத் தாங்கும் சலுகை மட்டுமே. விக்டோரிய லீக் 1931-இல் மேற்கொண்ட நால்வர் முறை நாட்டுப்புற லீக்குகளிலும் பரவியது. அதன்படி மூன்றாம், நான்காம் இடத்தவர் முதல் அரையிறுதியில் மோதுவார்கள், தோற்றவர் வெளியே. முதல் இரண்டு இடத்தவர் இரண்டாம் அரையிறுதியில் மோத, வென்றவர் நேராக இறுதிப் போட்டிக்குப் போவார். தோற்றவர், முதல் அரையிறுதியில் வென்ற அணியோடு பிரிலிமினரி ஃபைனலில் ஆட வேண்டும்; அதில் வென்றவருக்கே இறுதிப் போட்டியின் மற்ற இடம். பருவம் முழுக்கத் தோற்காத அணிகூடச் செப்டம்பரில் இரண்டு சனிக்கிழமைகள் சறுக்கினாலோ, இறுதிப் போட்டியில் மட்டும் தோற்றாலோ வெறுங்கையோடு வீடு திரும்பும். உங்கள் அணிக்கு நேர்ந்ததும் இவற்றில் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

1920-களின் நறுக்குகள் கையில் வந்தால் இந்த முறையை அவற்றின் மேல் ஏற்றிப் படிக்காதீர்கள். அக்காலத்தில் மைனர் பிரீமியருக்குச் சவால் விடும் உரிமை இருந்தது. இறுதி ஆட்டத்தில் அவர்களைத் தவிர வேறொருவர் வென்றால், சவால் விட்டு இன்னோர் ஆட்டம் ஆடலாம். அதனால் அந்தப் பத்திரிகைகளில் 'ஃபைனல்' வேறு, 'கிராண்ட் ஃபைனல்' வேறு.

இனி உங்கள் குறிப்புக்கு உயிர் தரும் பகுதி. 1893-இல் தொடங்கிய இந்த லீக்குக்கு 1950-கள் பொற்காலம் என்றால் மிகையில்லை, அதற்குப் பணமும் ஒரு காரணம். விக்டோரிய லீக் 1930-இல் கூல்ட்டர் விதி என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஆட்டக்காரருக்கு ஓர் ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு கட்டியது. ஊர்ப்புறக் கிளப்புகளை அந்த வரம்பு கட்டுப்படுத்தவில்லை. நகரத்தின் பெரிய ஆட்டக்காரர்களை, ஆடிக்கொண்டே பயிற்சி தரும் கேப்டன்-கோச் பொறுப்புக்கு நல்ல ஊதியத்தில் அவர்கள் அழைத்துவந்தார்கள். விக்டோரிய லீக்கின் காலிங்வுட் கிளப்பில் ஆடிய மாக் ஹோல்ட்டன் வாங்கரட்டாவுக்கு வந்து 1949 முதல் 1952 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை வென்று தந்தார். பின்னர் 'இண்டி' (Indi) என்ற தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். 1950-இல்தான் இதே ஊரின் இன்னொரு கிளப்பான வாங்கரட்டா ரோவர்ஸ் இந்த லீக்குக்குள் வந்தது. காலிங்வுட்டின் பாப் ரோஸ், இன்னும் பல ஆண்டுகள் ஆடக்கூடிய நிலையில் 1956-இல் ரோவர்ஸுக்கு வந்து, 1958-இலும் 1960-இலும் பட்டம் வென்றார். நகரத்தில் ஆட்டம் ஓய்ந்தவர்கள் வந்து ஒதுங்கிய இடம் இது என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. அது இந்த ஊர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். உங்கள் பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் கோச் யார், எங்கிருந்து வந்தார் என்று தேடுங்கள். பட்டியலில் மேலே ஏறியவர்கள் ஏன் ஏறினார்கள் என்பதற்கான விடை அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே ஊருக்கு இரண்டு கிளப்புகள் என்பதால், நறுக்கில் 'வாங்கரட்டா' என்றிருந்தால் அது எந்தக் கிளப் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாம் அணி ஆட்டங்களும் அதே பத்தியில் அச்சாகியிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

தேட வேண்டிய இடம் ட்ரோவ். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் இலவச இணையச் சேவை இது. பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். பெரும்பாலான பத்திரிகைகள் 1954 வரை இருக்கின்றன, மெல்போர்னின் 'தி ஆர்கஸ்' 1957 வரை. 'ஸ்போர்ட்டிங் குளோப்' இதழையும் பாருங்கள். தேடல் பெட்டியில் சொல்லை இட்டுத் தேடுவதை மட்டும் நம்பாதீர்கள். அச்சை இயந்திரம் படித்து எழுத்தாக்கியதால் 3 என்பது 8 ஆகியிருக்கும், ஊர்ப்பெயர் வரி முடிவில் உடைந்திருக்கும். ஆட்டம் நடந்த சனிக்கிழமையை அடுத்து வந்த இதழ்களைத் தேதிவாரியாகத் திறந்து விளையாட்டுப் பக்கத்துக்கே நேராகப் போவது வேகமான வழி. எண்ணை எப்போதும் பக்கத்தின் படத்திலிருந்தே எடுங்கள். 1954-க்குப் பிந்தைய பருவமென்றால் மெல்போர்னிலுள்ள விக்டோரியா மாநில நூலகத்தின் மைக்ரோஃபிலிமும் உங்கள் ஊர் நூலகமும்தான் துணை. பழைய ஆட்டக்காரர்களிடம் கட்டாயம் பேசுங்கள். சேற்றையும் சண்டையையும் ரயில் பயணத்தையும் அவர்களிடம் கேளுங்கள், ஸ்கோரைக் கேட்காதீர்கள்.

குறிப்போடு சாம்பியன்களின் ஆண்டுப் பட்டியலையும் இணைப்பதாக இருந்தால், வெற்று ஆண்டுகளை வெற்றாகவே விடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லீக் பல ஆண்டுகள் நின்றிருந்தது. 2020-இல் பெருந்தொற்றால் பருவமே இல்லை. 2021-இல் தொடங்கியது பட்டமின்றி முடிந்தது. 2022 இன்னும் நுட்பமானது. இறுதிப் போட்டியில் வாங்கரட்டா யாரவோங்காவை 3 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஊதிய உச்சவரம்பு மீறப்பட்டது பின்னர் வெளிப்பட்டுப் பட்டம் பறிக்கப்பட்டது, தோற்ற அணிக்கும் அது தரப்படவில்லை. கிளப்பில் இதைப் பற்றிப் பேசுவது சங்கடமாக இருக்கலாம். ஆனாலும் அந்த வரியில் ஆட்டத்தின் ஸ்கோரை எழுதி, சாம்பியன் இடத்தில் 'பட்டம் திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதுங்கள்.