கேளுங்க டாக்டர்: ரிக்கெட்ஸியான்னா என்ன, நாய் உண்ணியால பேத்திக்கு வருமா?

கேள்வி: டாக்டர் மேடம், எங்க நாய் சாப்பிடாம சுருண்டு படுத்தே கிடந்துச்சு, மூக்குல ரத்தம் வேற. வெட் டாக்டர் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, எர்லிக்கியா கேனிஸ் பாசிட்டிவ், உண்ணியால வர்ற ரிக்கெட்ஸியா குரூப்புன்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்காரு. பக்கத்து வீட்டு அக்கா ரிக்கெட்ஸ்னா புள்ளைங்களுக்கு கால் வளையுற வியாதியாச்சேங்குறாங்க. 4 வயசு பேத்தி எந்நேரமும் அந்த நாயோடதான் கிடக்குறா. பயமா இருக்கு. - வாசகி, அயனாவரம்

பதில்: மொதல்ல அந்த கால் வளையுற பயத்தை விடுங்கம்மா. ரிக்கெட்ஸ் வைட்டமின் டி, கால்சியம் பத்தாம எலும்பு வளையுறது, கிருமிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ரிக்கெட்ஸியா ஒரு ஆளோட பேருல இருந்து வந்தது. ஹோவர்ட் ரிக்கெட்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர், மொன்டானா பக்கம் உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா வந்து ஜனங்க செத்துக்கிட்டு இருந்த காய்ச்சலை உண்ணிதான் பரப்புதுன்னு 1906-ல நிரூபிச்சவர், அப்புறம் டைஃபஸ் காய்ச்சலை ஆராய மெக்சிகோ சிட்டிக்கு போனவர் அதே டைஃபஸ் தொத்தி 1910-ல இறந்துட்டார், வயசு 39தான். 1916-ல பிரேசில்காரர் ரோச்சா லிமா டைஃபஸ் கிருமிக்கு ரிக்கெட்ஸியா ப்ரொவாசெக்கின்னு பேர் வச்சார். ப்ரொவாசெக்னு அந்த விஞ்ஞானியும் அந்த காய்ச்சலை ஆராயும்போதே 1915-ல அதுக்கே பலியானவர். ரெண்டு பேரோட உசுரு இருக்குற பேரு அது, லேப் ரிப்போர்ட்ல பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவங்க ஞாபகம் வந்துடும்.

கறாரா சொன்னா ரிக்கெட்ஸியா ஒரு கிருமி இனத்தோட பேரு. ஆனா டாக்டர்ங்க பேச்சுல ரிக்கெட்ஸியல்னா அந்த பெரிய குடும்பம் முழுசையும் சேர்த்து சொல்றது. உங்க நாய்க்கு வந்த எர்லிக்கியா அதுல பெரியப்பா வீட்டுப் புள்ள மாதிரி, வம்சம் ஒண்ணு, வீடு வேற. எல்லாமே பாக்டீரியாதான், ஆனா செல்லுக்குள்ள புகுந்தாதான் பொழைக்கும், அதனால ரத்தத்துல கிருமியை வளர்த்துப் பார்க்குற சாதாரண பிளட் கல்ச்சர்ல ஒண்ணும் வளராது, பென்சிலின் வகை மருந்துக்கும் மசியாது, டாக்ஸிசைக்ளின்தான் கேக்கும். எர்லிக்கியா கேனிஸ் நாயோட வெள்ளை அணுக்குள்ள உக்காந்துக்கும், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணு இறங்கிடும், அந்த மூக்கு ரத்தம் அதனாலதான். மாத்திரை வழக்கமா 28 நாள் குடுப்பாங்க. ரெண்டு மூணு நாள்லயே நாய் எழுந்து வாலாட்டும், அதைப் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க.

பேத்தி விஷயம். நாயைத் தொட்டாலோ நாய் நக்கினாலோ இது தொத்தாது. பயப்பட வேண்டியது உண்ணிக்குத்தான். அந்த பழுப்பு நாய் உண்ணி சமயத்துல மனுஷங்களையும் கடிக்கும், அதே உண்ணி ரிக்கெட்ஸியா கொனோரின்னு வேற ஒரு கிருமியை சுமந்தா இந்தியன் டிக் டைஃபஸ் வரும், அது ரத்தக்குழாயோட உள்சுவரைத் தாக்கும், காய்ச்சல், தலைவலி, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் சிவப்புத் தடிப்பு. அதனால வைத்தியம் நாய்க்கு மட்டும் பத்தாது, வீட்டுக்கும் வேணும். காதுக்குள்ள, விரல் இடுக்குல பாருங்க, ரத்தம் குடிச்சு உப்பி சாம்பல் கலர்ல பட்டாணி சைஸுக்கு தொங்கும், வயிறு நிறைஞ்சதும் கீழ விழுந்து சுவர் விரிசல், கதவு நிலை, பாய்க்கு அடியிலன்னு புகுந்து ஆயிரக்கணக்குல முட்டை போடும். அந்த இடமெல்லாம் மருந்து அடிக்கணும், எந்த மருந்துன்னு வெட்கிட்டயே கேளுங்க. உண்ணி எடுக்க புருவம் எடுக்குற பிளக்கர் போதும், தோலை ஒட்டி பிடிச்சு நேரா இழுங்க. மண்ணெண்ணெய் ஊத்துறது, சூடு வைக்கிறது, வெறும் விரலால நசுக்குறது எதுவும் கூடாது.

குழந்தைக்கு ஜுரம் வந்தா டாக்டர் கேக்கலேன்னாலும் வீட்டு நாய்க்கு உண்ணி இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க. டாக்ஸிசைக்ளின் குடுத்தா பல்லு கறையாகிடும்னு 8 வயசுக்குள்ள தவிர்க்குறது பழைய வழக்கம், இந்த காய்ச்சலுக்கு கொஞ்ச நாள் குடுக்குறதை இப்ப சின்ன புள்ளைங்களுக்கும் டாக்டர்ங்க ஏத்துக்கிட்டாங்க. ஆனா நாய்க்கு வாங்கின மாத்திரையை மட்டும் எடுத்து குடுத்துடாதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு ஒரு வாரமா ஜுரம், ஸ்கிரப் டைஃபஸ்னு சொல்றாங்க. டைஃபாய்டைத்தானே அப்படி சொல்றாங்க? - வாசகர், தாம்பரம்

பதில்: இல்லைங்க. டைஃபாய்டு சால்மொனெல்லா கிருமி, அசுத்தமான தண்ணி சாப்பாடு வழியா வர்றது. ஸ்கிரப் டைஃபஸை நம்ம ஊர்ல உண்ணிக்காய்ச்சல்னு சொன்னாலும் கடிக்கிறது நாய் உண்ணி இல்ல, புல்லு புதர்ல இருக்குற கண்ணுக்கே சரியா தெரியாத பூச்சியோட குஞ்சு. கிருமிக்கு முன்னாடி ரிக்கெட்ஸியா சுட்சுகாமுஷின்னு பேரு, 1995-ல தனியா பிரிச்சு ஓரியன்ஷியான்னு மாத்திட்டாங்க, பழைய ஆளுங்க இன்னும் ரிக்கெட்ஸியான்னே எழுதுவாங்க, தப்பா எடுத்துக்க வேண்டாம். டைஃபாய்டுக்குப் பார்க்குற வைடால் டெஸ்ட் இதைக் காட்டாது, ஸ்கிரப் டைஃபஸுக்கான ஐஜிஎம் எலைசாங்குற ரத்த டெஸ்ட் கேளுங்க. முத்திப்போய் மூச்சுத்திணறல் வரைக்கும் போனவங்களுக்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்புல ஏத்துறது ஒரு மருந்தை மட்டும் ஏத்துறதை விட நல்லா வேலை செய்யுதுன்னு இந்தியாவுலயே நடந்த பெரிய ஆய்வு 2023-ல வந்திருக்கு. இன்னிக்கே அப்பாவோட அக்குள், இடுப்பு, தொடை இடுக்குல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பு பொருக்கு இருக்கான்னு பாருங்க, அது வலிக்காது, அவருக்கே தெரிஞ்சிருக்காது. இருந்தா போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.