தள்ளுபடியா, நீக்கமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக நாடாளுமன்ற இணையதளத்தில் நிதியமைச்சகத்துக்கான கேள்வி பதில்களைப் படித்து வருகிறேன். பெரிய நிறுவனங்களின் வங்கிக் கடன் தள்ளுபடி செய்யப்பட்டதா என்று உறுப்பினர் கேட்கிறார். கடன்காரரின் பொறுப்பு நீங்கவில்லை, அவருக்கு இதனால் பயன் ஏதும் இல்லை என்று அமைச்சகம் சொல்கிறது. ஆனால் பத்து நிதியாண்டுகளில் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று ஒரு தொகையும் பதிலில் வருகிறது. எதை நம்புவது? இப்படிப் பிடிகொடுக்காமல் பதில் வரும்போது ஒரு எம்.பி. கேள்வி கேட்டு என்ன பயன்?

வாசகர் ஒருவர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் உண்மைதான். உங்களைக் குழப்பியது நம் பத்திரிகைத் தமிழ். இரண்டு வேறு காரியங்களுக்கும் ‘தள்ளுபடி’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம்.

2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அதுதான் உண்மையான தள்ளுபடி. விவசாயி இனி அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம், அந்தச் சுமையை அரசு ஏற்றுக்கொள்கிறது. வங்கிகள் செய்வது வேறு. ஒரு நிறுவனம் வாங்கிய 100 கோடி ரூபாய் வாராக்கடன் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி தன் லாபத்திலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்தக் கடனுக்கு எதிராக ஒதுக்கி வைக்கிறது. 100 கோடிக்கும் ஒதுக்கி முடித்தபின், பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் கழித்து, கடனையும் ஒதுக்கத்தையும் சேர்த்து இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுகிறது. இதுதான் ‘ரைட் ஆஃப்’. நாம் இதை ‘நீக்கம்’ என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். கடன்காரர் மீதான வழக்கு, அடமானச் சொத்து ஏலம், திவால் தீர்ப்பாயம் எல்லாம் தொடரும். பிறகு 20 கோடி வசூலானால் அது வங்கியின் அந்த ஆண்டு வருமானத்தில் சேரும்.

ஆகவே பொறுப்பு நீங்கவில்லை என்ற பதில் சட்டப்படி சரி. வசூலாகாத 80 கோடி யார் தலையில் விழுந்தது என்பதற்கு அந்தப் பதிலில் இடமே இல்லை. பொதுத்துறை வங்கியின் பெரும்பங்கு அரசுடையது. லாபம் ஒதுக்கத்தில் கரைந்தால் அரசுக்கு வரும் ஈவுத்தொகை குறையும், மூலதனம் போதாமல் போகும். 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனத் திட்டத்தை அரசு அறிவித்தது. அதில் 1.35 லட்சம் கோடி மறுமூலதனப் பத்திரங்கள், அதாவது வங்கிகளுக்கு மூலதனம் போட அரசு வெளியிடும் கடன் பத்திரங்கள். அவற்றுக்கான வட்டி ஆண்டுதோறும் மத்திய பட்ஜெட்டிலிருந்து போகிறது. கடன்காரருக்குப் பயன் உண்டா இல்லையா என்பதோடு கேள்வி முடிந்துவிட்டால் இந்தப் பக்கம் வெளியே வராது.

பல கேள்விகள் தோற்பது பதிலில் அல்ல, கேட்ட விதத்தில். ‘தள்ளுபடி செய்யப்பட்டதா, ஆமெனில் விவரம் என்ன, இல்லையெனில் காரணம் என்ன’ என்று கேட்டால் அமைச்சகத்துக்கு வேலை சுலபம். ‘(அ) முதல் (இ) வரை’ என்று தலைப்பிட்டு எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கட்டிவிடுவார்கள். எந்தப் பகுதிக்குப் பதில் வரவில்லை என்பது அந்தக் கட்டுக்குள் மறைந்துபோகும். பதிலைப் படிக்கும்போது பென்சிலை எடுத்து, கேள்வியின் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே பதில் வரி இருக்கிறதா என்று குறித்துப் பாருங்கள். குறி விழாத இடம்தான் அடுத்த கேள்வி.

பெயர்ப்பட்டியல் கேட்பதும் வீணாகிறது. 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் பிரிவு 45ஈ-யைக் காட்டி, தனித்தனிக் கடன்காரர் விவரம் தர இயலாது என்பார்கள். பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையையும் தொகையையும் கேட்டால் அந்தப் பிரிவு குறுக்கே வராது. வழக்குத் தொடரப்பட்ட, வேண்டுமென்றே கட்டாதவர்களின் பட்டியலைக் கடன் தகவல் நிறுவனங்களே வெளியிடுகின்றன. பெயர் வேண்டுமென்றால் தேட வேண்டிய இடம் அது.

நான் எழுதினால் கேள்வி இப்படி இருக்கும்:

(அ) 2019-20 முதல் 2023-24 வரை ஒவ்வொரு நிதியாண்டிலும் பொதுத்துறை வங்கிகள் தம் கணக்கிலிருந்து நீக்கிய கடன் தொகை, வங்கிவாரியாக எவ்வளவு;
(ஆ) அதே ஆண்டுகளில், ஏற்கெனவே நீக்கப்பட்ட கணக்குகளிலிருந்து மட்டும் வசூலான தொகை, வங்கிவாரியாக எவ்வளவு;
(இ) பகுதி (அ)வில் கண்ட தொகையில், 100 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிலுவை வைத்த கடன்காரர்களின் எண்ணிக்கையும் மொத்த நிலுவையும் எவ்வளவு?

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. ‘பொதுத்துறை வங்கிகள்’ என்று கட்டாவிட்டால் தனியார் வங்கிகளும் சேர்ந்த மொத்தம் வரும், பொதுப்பணத்தின் பங்கு அதில் தெரியாது. (ஆ)வில் ‘மட்டும்’ இல்லாவிட்டால் எல்லா வாராக்கடன்களிலும் வசூலான மொத்தத்தைத் தரலாம். பார்க்கப் பெரிதாக இருக்கும், நீக்கிய கடனில் எவ்வளவு திரும்பியது என்று தெரியாது. ‘மட்டும்’ போட்டாலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். இந்த ஆண்டு வசூலானது பல ஆண்டுகளுக்கு முன் நீக்கிய கடனாக இருக்கலாம். அதனால் ஒரே ஆண்டின் நீக்கத்தையும் வசூலையும் வகுத்துச் சதவீதம் சொல்வது தவறு. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு மொத்தங்களை வைத்தே பேச வேண்டும். ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு இரண்டுமே மேடையில் இந்தத் தவறைச் செய்கிறார்கள்.

மறுமூலதனப் பத்திர வட்டியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். மக்களவை நடைமுறை விதி 41-இன்படி, எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ள தகவலைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது. வட்டிச் செலவு பட்ஜெட் ஆவணங்களில் வரும் சங்கதி, முதலில் அங்கே பார்க்க வேண்டும். அதே விதிதான் கேள்வி பொதுவாக 150 சொல்லைத் தாண்டக் கூடாது என்கிறது. வாதமும் ஊகமும் குற்றச்சாட்டும் கூடாது, முன்பே பதில் சொல்லப்பட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்கக் கூடாது, நீதிமன்றத்தில் இருப்பதைத் தொடக் கூடாது. கோபத்தோடு எழுதிய கேள்வி பட்டியலுக்கே வராமல் செயலகத்தில் அடிபட்டுப் போவது இதனால்தான்.

இனி பாதை. முழுதாக 15 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். குலுக்கலில் முன்னுரிமை முடிவாகும். ஒரு நாளைக்கு, அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்டவை 20, எழுத்துப் பதிலுக்கானவை 230. கேள்வி நேரம் ஒரு மணிதான், ஆகவே 20 கேள்விகளும் வாய்மொழிக்கு வந்துசேர்வது அபூர்வம். எண்கள் வேண்டுமென்றால் எழுத்துப் பதில் கேள்வியே போதும், இணைப்பு அட்டவணையோடு வரும். அமைச்சரை நேருக்கு நேர் மடக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் நட்சத்திரக் குறி. அங்கே பலம், பதிலைத் தொடர்ந்து அவையிலேயே கேட்கும் துணைக் கேள்வியில் இருக்கிறது. அமைச்சரின் கையில் அதிகாரிகள் தயாரித்த துணைக் கேள்விக் குறிப்பு ஒரு கட்டு இருக்கும். அந்தக் கட்டில் இல்லாததைக் கேட்க, உறுப்பினர் பழைய பதில்களையும் ரிசர்வ் வங்கி அறிக்கைகளையும் படித்திருக்க வேண்டும்.

பதில்களில் அடிக்கடி வரும் இரண்டு வாக்கியங்களைப் பிரித்துப் பாருங்கள். ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ என்பது ஏமாற்று அல்ல. அது ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். 1953 முதல் இருக்கும் அரசு உறுதிமொழிக் குழு அதைப் பட்டியலில் ஏற்றிப் பின்தொடர்கிறது. அமைச்சகம் கூடுதல் அவகாசம் கேட்கும், கைவிடச் சொல்லியும் கேட்கும். உறுப்பினர் மறந்துவிட்டால் எளிதில் தேய்ந்துவிடும். ‘இவ்விவரம் மத்தியில் பராமரிக்கப்படுவதில்லை’ என்பது அப்படியல்ல, அது மூடிய கதவு. அதைத் திறக்க, அந்த விவரம் யாரிடம் இருக்கிறது, வங்கிகள் எந்தப் படிவத்தில் ரிசர்வ் வங்கிக்கு அனுப்புகின்றன என்று அடுத்த கேள்வியை மாற்றிப் போட வேண்டும். பதிலில் எண்ணே தவறென்றால் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115-இன் கீழ் உறுப்பினர் எழுதலாம். பதில் போதவில்லை என்றால் விதி 55-இன்படி அரைமணி நேர விவாதம் கேட்கலாம். இந்த இரண்டையும் பயன்படுத்தும் உறுப்பினர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தமே.

கேட்டு என்ன பயன் என்றீர்கள். வங்கி விஷயத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தேசியமயமான வங்கிகளின் கணக்குக்குத் தணிக்கையாளர், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரான சிஏஜி அல்ல. அரசு மூலதனம் போட்டதை அவர் தணிக்கை செய்யலாம், 2017இல் செய்தும் இருக்கிறார். ஆனால் வங்கி எந்தக் கடனை எப்படிக் கொடுத்தது என்ற புத்தகம் அவர் மேசைக்கு நேராக வராது. அவர் அறிக்கையை எடுத்து விசாரிக்கும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கும் அந்த அளவுதான் கிடைக்கும். அந்த இடைவெளியில் மக்கள் பிரதிநிதிக்கு இருக்கும் கருவி கேள்வி.

அது என்ன செய்யும் என்பதற்கு 1957 சாட்சி. முந்தைய ஆண்டுதான் 245 காப்பீட்டு நிறுவனங்களைச் சேர்த்து எல்.ஐ.சி. பிறந்திருந்தது. அந்த ஜூனில் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை, தன் முதலீட்டுக் குழுவைக் கலக்காமல், சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. செப்டம்பரில் உறுப்பினர் ராம் சுபக் சிங் மக்களவையில் இதைப் பற்றிக் கேட்டார். ஒரே கேள்வியில் உண்மை வெளிவந்துவிடவில்லை. நவம்பரில் மறுபடியும் கேள்வி வந்தது. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி விவாதத்தில் எழுந்தார். ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். அவர் கையில் இருந்தது பங்கு விலைக் கணக்கு: சந்தையில் அந்தப் பங்குகள் என்ன விலைக்குப் போயின, எல்.ஐ.சி. என்ன விலை கொடுத்தது. நீதிபதி சாக்ளாவின் விசாரணை பம்பாயில் மக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். செப்டம்பர் கேள்விக்கு வந்த பதிலோடு எல்லோரும் திருப்தி அடைந்திருந்தால் அந்த வாங்கல் எல்.ஐ.சி.யின் முதலீட்டுப் பட்டியலில் ஒரு வரியாகவே நின்றிருக்கும்.

உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு வெறும் ஆதங்கக் கடிதம் எழுதாதீர்கள். மேலே உள்ளதுபோல் வரைவுக் கேள்வியையே எழுதி அனுப்புங்கள். கூடவே, இதே பொருளில் ஏற்கெனவே வந்த பதில்களின் எண், தேதி, அவற்றில் குறி விழாத பகுதி எது என்பதை ஒரு தாளில் இணையுங்கள். கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரமே அனுப்பினால்தான் 15 நாள் கெடுவுக்குள் அடங்கும். நீங்கள் குறித்து வைத்திருக்கும் பழைய பதில்களை எனக்கும் அனுப்புங்கள், நீக்கத் தொகையும் வசூல் தொகையும் எந்தெந்த ஆண்டில் எந்த வரையறையில் சொல்லப்பட்டன என்று ஒரே அட்டவணையில் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்