குட்டி டிராக்டர் கேள்வி பதில்: முதலில் கைலியை மாற்றுங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பட்டறையில் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், இரண்டு சிலிண்டர் குபோட்டா பி6000 ஒன்றோடு மல்லுக்கட்டுகிறேன். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோலகங்சார் தம்பி: டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. திரும்ப ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. பம்ப் போய்விட்டதா?

பம்பைத் தொடாதீர்கள். குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். காற்று அழுத்தினால் சுருங்கிக் கொடுக்கும். அது உள்ளே இருக்கும்வரை பம்ப் எவ்வளவு தள்ளினாலும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வாய் திறக்காது.

டாங்கியில் பாதிக்கு மேல் ஊற்றி, ஃபில்டர் மேலே இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். முதலில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துக்கொண்டு வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வழிந்ததும் இறுக்குங்கள். அப்புறம் பம்பில் உள்ள ஸ்க்ரூ, அதே வேலை. கடைசியாக இன்ஜெக்டர் தலையில் குழாய் நட்டை அரைச்சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரைத் திறந்து வைத்து, ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். அங்கே டீசல் துப்ப ஆரம்பித்ததும் இறுக்கினால், இரண்டு இருமல் இருமிவிட்டு எழுந்துவிடும்.

இன்ஜெக்டரைக் கழற்றி, பீய்ச்சுகிறதா என்று விரலை நீட்டிப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 100 பாருக்கு மேல் அழுத்தம். தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம்.

பீடோர் தங்கை: வீட்டுக்காரர் வாங்கி வந்த பழைய டிராக்டரில் எல்லாம் ஜப்பான் எழுத்து. புல்வெட்டி மாட்டலாமா?

மாட்டலாம். முயல் படம் வேகம், ஆமை படம் மெதுவு. அது சுலபம். ஆனால் ஜப்பான்காரர்கள் தங்கள் ஊருக்கென்று செய்த மாடல்களில் பி.டி.ஓ.வுக்கே, அதாவது புல்வெட்டியைச் சுற்றும் தண்டுக்கே, மூன்று நான்கு வேகம் இருக்கும். புல்வெட்டி நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தது. முதல் வேகத்தைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்று. 540 என்றால் வினாடிக்கு 9 சுற்று. தண்டுக்கு மூடி இல்லாமல், கைலியோடு பக்கத்தில் போனால், நுனி மாட்டியது தெரிவதற்குள் ஆளையே இழுத்துவிடும். வீட்டுக்காரரிடம் கால்சட்டை போடச் சொல்லுங்கள்.

தெலுக் இந்தான் அண்ணன்: பின்பக்க ஹைட்ராலிக் தூக்கும்போது நடுங்குகிறது. எண்ணெய் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் இருக்கிறது.

தண்ணீர் கலந்துவிட்டது. கியர் கம்பிக்கு அடியில் இருக்கும் ரப்பர் உறை வெடித்திருக்கும். மழை அது வழியாகத்தான் இறங்குகிறது. இந்த வண்டிகளில் பலவற்றுக்கு கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். இரவு முழுக்க ஓட்டாமல் விட்டு, காலையில் அடி நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தனியாகப் பிரிந்த தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். பாலாய்க் கலந்தது பிரியாது, மொத்தத்தையும் மாற்றுங்கள். ரப்பர் உறையை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்குத் திரும்ப என்னிடம் வருவீர்கள்.

கூலிம் தம்பி: ஸ்டார்ட் ஆகவில்லை, பம்பைக் கழற்றவா?

முதல் பதில்.

ஈப்போ அண்ணன்: ஃபில்டர் மாதத்துக்கு ஒருமுறை அடைக்கிறது. எல்லாம் இந்த பயோடீசலால்தானே?

கொஞ்சம் உண்மை. 2019-ல் பங்குக்கு வந்தது பி10, அதில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து (பாமாயில்) செய்தது. அது பழைய டாங்கியில் ஒட்டிக் கிடக்கும் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். ஈரத்தையும் அதிகம் பிடிக்கும்.

சுங்கை சிப்புட் தம்பி (குறுக்கே): செம்பனை போட்ட சோற்றைத் தின்றுவிட்டு அதையே குறை சொல்கிறீர்களே, அண்ணே!

குறை சொல்லவில்லை, தம்பி. அழுக்கு டாங்கியுடையது, எண்ணெயுடையது அல்ல.

ஈப்போ அண்ணன்: முன்பெல்லாம் 30 வருஷம் இந்த ஹோஸ் தாங்கியதே! பி10 வந்துதான் கசிகிறது.

30 வயது ரப்பரா? எந்த டீசலுக்கும் கசியும். மாற்றிவிடுங்கள். அது கிடக்கட்டும். டீசல் எங்கே பிடிக்கிறீர்கள்?

ஈப்போ அண்ணன்: பங்கில்தான். விலை ஏறுவதற்கு முந்தின நாள் ஒரு டிரம் பிடித்து வைத்தேன்.

லிட்டர் 2.15 வெள்ளி (ரிங்கிட்) டீசல் 3.35 ஆனது 2024 ஜூன் 10. அந்த டிரம்மா இன்னும் ஓடுகிறது! பகலில் தகரச் சூடு, இரவில் குளிர். காலியாகும் டிரம்முக்குள் வேர்த்து வேர்த்து அடியில் தண்ணீர் தேங்கும். அதில் கிருமி வளர்ந்து சளி மாதிரி படரும். டிரம்மின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். கீழே தனிக்கோடு தெரிந்தால் குற்றவாளி பயோடீசலும் இல்லை, தம்பியின் செம்பனையும் இல்லை. ஒரு டிரம்முக்கு இருநூற்று சொச்சம் வெள்ளி மிச்சம் பிடித்தீர்கள், சரி. இதுவரை ஃபில்டருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

ஒருவர்: ரோட்டில் ஓட்டப் பதிவு வேண்டுமா? 

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்னொருவர்: ஸ்டார்ட் ஆகவில்லை… 

முதல் பதில், முதல் பதில். பம்பைத் தொடாதீர்கள்.

பீடோர் தங்கை: சொல்லிப் பார்த்துவிட்டேன். கைலிதான் காற்றோட்டம் என்கிறார்.

சாவியை ஒளித்து வையுங்கள், தங்கச்சி.