சிகரெட் பெட்டிக்குள் பேஸ்பால்

ஐயா,

அமெரிக்கப் பேஸ்பால் அட்டைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சிகரெட் விற்கப் பெட்டிக்குள் போட்ட விளம்பரத் துண்டுகளைச் சமூக வரலாறு என்பது மிகையாகத் தோன்றுகிறது. பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் புகையிலையை எதிர்த்துத் தன் அட்டையை நிறுத்தச் செய்தார் என்பது மட்டும் மனதைத் தொட்டது.

— ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை அச்சிட வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1880களில் பான்சாக் இயந்திரம் நாளொன்றுக்கு லட்சம் சிகரெட்டுக்கு மேல் சுற்றித் தள்ளியது. குவிந்த சரக்கை விற்றாக வேண்டும். பெட்டி நசுங்காமலிருக்கச் செருகிய வெற்று அட்டையில் பேஸ்பால் வீரர்களின் படமும் ஏறியது. வரிசையை முழுதாகச் சேர்க்க ஆசைப்பட்டவர்கள் மேலும் மேலும் வாங்கினார்கள்.

குட்வின் நிறுவனத்தின் ‘ஓல்ட் ஜட்ஜ்’ சிகரெட் அட்டைகளைக் கூர்ந்து பாருங்கள். வீரர் ஸ்டுடியோவில், வரைந்த திரைச்சீலைக்கு முன் நின்று, பந்தைப் பிடிக்கக் கை நீட்டுகிறார். பந்து நூலில் தொங்குகிறது! பாயும் பந்தைப் படமெடுக்க அன்றைய கேமராவுக்கு வேகம் போதாது. சில அட்டைகளில் அந்த நூலே தெரியும். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான்.

1890-இல் பெரிய சிகரெட் நிறுவனங்கள் ஐந்தும் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியாக ஒன்றாயின. போட்டி ஒழிந்ததும் அட்டைகளும் அருகிப்போயின. பின்னர் 1909 முதல் 1911 வரை அதே கம்பெனி வெளியிட்ட, இன்று ‘டி206’ எனப்படும் வரிசையில் 500-க்கும் மேற்பட்ட அட்டைகள் உண்டு. அவற்றில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. 1884-இல் டொலிடோ அணிக்காகக் கறுப்பினரான மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் ஆடிய பிறகு, 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை பெரிய லீக்குகளின் கதவு அவர்களுக்கு மூடியே இருந்தது. தென் மாநிலத் தொழிற்சாலைகளிலோ, புகையிலையின் காம்பை உருவும் வேலையைப் பெரும்பாலும் கறுப்பினத்தவர்களே செய்தார்கள். இந்த அநீதியை அட்டைகள் தம்மையறியாமல் பதிவு செய்திருக்கின்றன. இதைச் சமூக வரலாறு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

வாக்னர் புகையிலை மெல்லும் பழக்கமுள்ளவர். தன் படத்துக்காகச் சிறுவர்கள் சிகரெட் வாங்கக்கூடாது என்று தடுத்தார் என்பார்கள். பணத்தகராறு என்பவர்களும் உண்டு. அச்சு நின்றது மட்டும் உறுதி. டி206 வரிசையைச் சேர்ந்த அந்த அபூர்வ அட்டைகளில் ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது.

விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுபவர் ஜெஃபர்சன் பர்டிக். கீல்வாதம் முடக்கிய கைகளோடு, தான் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்து, 1963-இல் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புவரை அங்கே ஆல்பங்களில் ஒட்டிக்கொண்டிருந்தார். பல அட்டைகள் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.