பழைய சாகாவின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்ஷன் போடலாமா?

உங்கள் அப்பா வைத்திருந்த புரோட்டான் சாகா 1.3 கார், ஜாமில் நின்று நின்று அணைந்துபோகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷனுக்கு நண்பர்கள் மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடமும் அதே வண்டிதான் இருக்கிறது, கோலாலம்பூர் செந்தூலில் ஓட்டுகிறேன். என் பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

நானும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கார்புரேட்டரைத் திட்டித் தீர்த்தவன். இரண்டு முறை பிரித்துக் கழுவி, கேஸ்கெட் மாற்றியும் ஐட்லிங் (எக்ஸலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சீராகவே இல்லை. கடைசியில் ஒரு வயதான ஃபோர்மேன் எஞ்சினை ஓடவிட்டு, எஞ்சினின் உறிஞ்சும் இழுப்பைக் கொண்டுபோகும் வேக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். ஒன்றை அழுத்தியதும் எஞ்சின் சட்டென்று சீரானது. பின்பக்கம் விரல் நீளக் குழாய் ஒன்று வெடித்து, அது வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. "கார்புரேட்டர் பாவம் தம்பி, அது மேல ஏன் பழி போடுறே?" என்றார். 80களின் வண்டிகளில் இந்தக் குழாய்கள் குடல் மாதிரி சுற்றிக் கிடக்கும். ரப்பருக்கு இத்தனை வருட எஞ்சின் சூடு தாங்காது. முதலில் அவற்றை மாற்றுங்கள். அப்புறம் பிளக், பிளக் வயர், டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்). இதெல்லாம் சரியாக இருந்தும் தொல்லை தீராவிட்டால்தான் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும். அதில் திராட்டில் தண்டு (காற்றுக் கதவைத் திருப்பும் தண்டு) ஆடுகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அங்கேயும் காற்று புகும், எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

சரி, இன்ஜெக்ஷன் உண்மையிலேயே எங்கே ஜெயிக்கிறது? குளிர்நாட்டுக்காரர்கள் முதலில் சொல்வது, காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும் என்பதை. நமக்கு விடியற்காலையிலேயே 24 டிகிரி, அது பெரிய விஷயமில்லை. நம் ஊரில் வித்தியாசம் தெரிவது கெந்திங் மலையில். கார்புரேட்டரில் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் ஜெட் என்னும் சின்ன முனையின் ஓட்டை வழியாகப் பெட்ரோல் வருகிறது. ஓட்டையின் அளவு மாறாது. மேலே சுமார் 1,800 மீட்டரில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் கிட்டத்தட்ட ஆறில் ஐந்து பங்குதான். பெட்ரோல் அதே கணக்கில் குறைவதில்லை. கலவையில் பெட்ரோல் மிஞ்சி, பிளக்கில் கரி படியும், வண்டி மூச்சு வாங்கும். இன்ஜெக்ஷனில் சென்சார் காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல, அது பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும்.

இன்ஜெக்ஷன் ஜெயிக்கும் இன்னொரு இடம் சூடு. நல்ல வெயிலில் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது, இல்லையா? கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் எஞ்சின் சூட்டில் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். எக்ஸலரேட்டரைக் குத்திக் குத்தி மிதிக்காமல், முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் சூடு தடுக்கும் தட்டு முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ கழற்றி எறிந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றியே தீருவேன் என்றால், பின்னால் வந்த புரோட்டான் வீரா 1.5 இன்ஜெக்ஷன் எஞ்சினும் நம் சாகா எஞ்சினும் ஒரே மிட்சுபிஷி குடும்பம் என்பது நல்ல செய்தி. அமெரிக்க வீடியோக்களில் கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்கார வைக்கும் கிட் காட்டுவார்கள். அவை பெரும்பாலும் நான்கு வாய் கார்புரேட்டர் வைத்த வி8 எஞ்சின்களுக்கானவை, மயங்காதீர்கள். என் நண்பன் வீரா எஞ்சினை வயர், கம்ப்யூட்டரோடு வாங்கிப் போட்டான். எஞ்சினைப் பொருத்தி முடிக்க ஒரு வாரம்தான். மீதி வேலை நாலு மாதம். பழைய மெக்கானிக்கல் பம்ப் கொடுக்கும் அழுத்தம் 0.3 பார் அளவுக்குத்தான். இன்ஜெக்ஷனுக்கு அதைப்போல் பத்து மடங்கு, சுமார் 3 பார் வேண்டும். வேலை செய்த பட்டறை ஓரிடத்தில் பழைய குழாயையே விட்டுவிட்டது. மூன்றாம் நாள் வண்டிக்குள் பெட்ரோல் வாடை. நல்லவேளை, யாரும் சிகரெட் பிடிக்கவில்லை. அதிக அழுத்தத்துக்கென்றே விற்கும் குழாயும் கிளிப்பும்தான் போட வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அதோடு முடியவில்லை. கார்புரேட்டர் வண்டியின் டேங்க்கில் பெட்ரோலை உறிஞ்சும் இடத்தைச் சுற்றிப் பொதுவாகத் தடுப்பு கிடையாது. பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது வளைவில் திரும்பினால் பம்ப் காற்றை உறிஞ்சும், எஞ்சின் விக்கும். அதற்குத் தனியாக ஒரு சின்ன டேங்க் வைத்தான். இவ்வளவுக்கும் மேல், வேறு எஞ்சின் போட்டால் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை மையத்தில் சோதனை முடித்து ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) எஞ்சின் எண்ணை மாற்ற வேண்டும். எஞ்சின் வாங்கும்போதே அதற்குரிய பேப்பர்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு கடைக்காரரைப் பிடிக்க முடியாது.

அவன் வண்டி இப்போது அருமையாக ஓடுகிறது, பொய் சொல்ல மாட்டேன். மலையேறும்போது என்னுடையது பின்தங்கிவிடும். ஆனால் என் வண்டி ஞாயிற்றுக்கிழமை பத்துமலை வரை போய்வரும் வண்டி; ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே அதைச் சரிசெய்து கொள்ளலாம் என்பதுதான் எனக்கு அதில் பிடித்ததே. கெந்திங் போக வேண்டிய நாளில் மனைவியிடம் அவளுடைய மைவி காரின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.